ஜி-க்குக் கொஞ்சம் மேலே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.
ஆவாரம்பாளையத்தில் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன்.
ஒண்டிப்புதூர் ஜெபசீலன் விற்றார், நாலாயிரத்து இருநூறு.
"அதிகம் வாசிக்கலீங். சும்மாதான் கெடந்துச்சு."

சும்மா கிடந்ததற்குக் காரணம்
ஒயரைச் செருகியதும் தெரிந்தது.
உளுந்து போடாமல் ஓடுகிற கிரைண்டர் மாதிரி இரைந்தது.
கம்பியைத் தொட்டேன், அடங்கவில்லை.
ஜாக்கின் வளையத்தைத் தொட்டேன், கப்சிப்.
"எர்த் உட்டுப்போச்சு" என்றேன் சத்தமாக,
அறையில் யாரும் இல்லை.

ஆறு ஸ்க்ரூ. பின்மூடிக்குள்
மூன்று ஸ்பிரிங், செத்த கரப்பான் ஒன்று,
சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாள்,
சைக்கிள் பஞ்சர் பசையால் ஒட்டியது.
எனக்கு முன்னால் இங்கே
இன்னொரு கத்துக்குட்டி வந்துபோயிருக்கிறது.
கருப்பு ஒயர் நுனியில் குண்டுமணி ஈயம்,
எதையும் பிடிக்காமல்.

என் இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்ன்
அந்தத் தகட்டுக்கு எறும்புக் கடி.
ஈயம் உருண்டு மடியில் விழுந்து
சுடிதாரில் ஒரு ஓட்டை.
மக்யா நாள் பட்டறையிலிருந்து
அறுபது வாட்டைக் கைப்பையில் கொண்டுவந்தேன்.
திருட்டு இல்லை, இரவல்,
சூப்பர்வைசர் சென்னியப்பன் அறியாத இரவல்.
ஈயம் இந்தத் தடவை தண்ணீராய்ப் பரவியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் விரல் நொந்தது.
கேஸ் வெல்டிங் முனை குத்துகிற அரக்கம்பியால்
நட்டில் மூன்றாம் காடியை இழுத்தேன்.
ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.
போதும் என்று கை சொன்ன பிறகு ஒன்று.
அந்த ஒன்றுதான்.
கம்பி ஃப்ரெட்டின்மேல் படுத்துக்கொண்டு
பாட்டிலில் மாட்டிய ஈயாய் அழுதது.

இரவு பதினொன்றரை. அறைத்தோழி துளசிமணி
வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தாள்.
"அட கெரகமே, என்னாச்சு புள்ள?"
"ஆப்ப சோடா இருக்கா?"
"வவுத்து வலியா?"
"கிட்டாருக்கு."
மேலே கேட்காமல் டப்பாவை நீட்டினாள்.
ஒரு சிட்டிகை சோடா, ஒரு சொட்டு ஃபெவிக்விக்.
புகை, சூடு, கல்.
கல்லில் மறுபடி காடி,
இந்த முறை மூச்சை எண்ணிக்கொண்டு.
என் சுட்டுவிரல் ரேகையும் கொஞ்சம் அதில் இருக்கிறது.

பங்குனியில் கழுத்து நேராகத்தான் நின்றது.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
சாரலைக் கூட்டிக்கொண்டு வந்து
மரத்துக்குள் குடியேறிவிட்டது.
கால் மில்லி ஃபீலர் கேஜ் போன இடத்தில்
இப்போது அரை மில்லி போகிறது.
ஆலன் கீ, வலப்பக்கம், கால் சுற்று.
பிறகு ஒரு டீ.
உடனே அளந்து பார்த்தால் மரம் பொய் சொல்லும்.

இரைச்சல் முழுசாகப் போகவில்லை.
ஒற்றைக் காயிலின் பிறவிக்குணம் அது.
நான் சுற்றுகிறவையும் இரையத்தான் செய்கின்றன,
தண்ணி ஏறினால் போதுமென்று
யாரும் குறை சொல்வதில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியிலிருந்து கையெடுத்து
டியூனரைச் செருகினேன்.
ஜி என்றது. முள் மட்டும்
வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது.
கீழ்வீட்டு கிரைண்டர், எதிர்ப்பட்டறை லேத்,
தெருமுனை டிரான்ஸ்பார்மர்,
எந்தக் கிணற்றிலோ நான் சுற்றிய மோட்டார்,
ஒட்டுக்கா எல்லாமே
ஜி-க்குக் கொஞ்சம் மேலே.

ஆறு கம்பியையும் அந்தக் கொஞ்சத்துக்கு ஏற்றிவைத்தேன்.

ஜெபசீலன் வந்தவர் ஒருமுறை மீட்டிவிட்டு
காதைச் சாய்த்தார்.
"சுருதி ஏறியிருக்குதுங்ளே."
"தெரியுங்க."
அவர் தோளில் இன்னொரு உறை.
"இதையும் ஒருக்கா பாக்கறீங்ளா?"
நானே இப்பத்தானுங்க கத்துக்கிட்டிருக்கேன் என்பதற்குள்
ஜிப்பைத் திறந்துவிட்டார்.
பின்மூடியில் ஆறு ஸ்க்ரூவுக்கு
நாலுதான் இருந்தது.